வெறும் தண்ணீர்

அந்தப் போர்வையை இப்போது என்னால் கண்கொண்டு பார்க்க முடிவதில்லை. செப்டம்பர் வந்தால் எங்கள் ஓஹையோ கல்லூரியில் ராகிங் ஒழிப்பு வாரம். மாணவிகள் கூட்டாக வாழும் ஒவ்வொரு சொராரிட்டி வீட்டிலும் உள்ளங்கையில் பெயின்ட்டைத் தடவி வெள்ளைப் போர்வையில் பதித்து, ‘இங்கே ராகிங் இல்லை’ என்று எழுதி வாசலில் தொங்கவிடுவார்கள். நானும் அப்படி ஒரு வீட்டில் இருந்து படித்தவள்தான். இப்போது பல் டாக்டர். அந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத ஆலோசகர்.

ஞாயிறு மத்தியானம் போனேன். வீட்டின் தலைவி கென்ட்ரா வாசலிலேயே நின்றாள். மூஞ்சி கொள்ளாத சிரிப்பு.

“மிஸ் வெர்னா, இந்த வருஷம் நம்ம வீட்டுல ஒரு சொட்டு சாராயம் கிடையாது. எதிர்வீட்டுப் பசங்க மாதிரியா நாங்க?”

“நல்லது. புதுசா சேர்ந்தவங்க எங்க?”

“கீழ பேஸ்மென்ட்ல. அக்கா தங்கச்சி சடங்கு நடக்குது. சும்மா ஜாலிக்கு.”

புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் மூத்தவள் ஒருத்தியை அக்கா என்று கட்டிவைப்பார்கள். முன்பெல்லாம் அந்த அக்கா ஒரு வோட்கா பாட்டிலை நீட்டுவாள், தங்கை அதைக் காலி பண்ண வேண்டும். வேறு ஊரில் ஒரு பையன் அப்படிக் குடித்துச் செத்தபின் பாட்டிலுக்குத் தடை வந்தது. நம் புத்திசாலிகள் சடங்கை விடவில்லை, பாட்டிலை மட்டும் விட்டார்கள்.

படியில் இறங்கும்போதே வாந்தி நாற்றம். வெள்ளை கவுன் போட்ட பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு நாலு லிட்டர் தண்ணீர் கேன். அதைக் காலி பண்ணாமல் யாரும் பாத்ரூம் போகக் கூடாதாம். ஒருத்தி உடையிலேயே போய்விட்டு அழுதுகொண்டிருந்தாள், மூத்தவர்கள் அதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

ஓரத்தில் டெலியா கிடந்தாள். பள்ளி முடித்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண் செருகி, என்னவோ உளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா பிரின் அவள் தலையை மடியில் வைத்து, வாயில் டம்ளரைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

“குடிடா செல்லம். தண்ணி குடிச்சா தெளிஞ்சிரும்.”

“என்னடி பண்ற?” என்றேன்.

“ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்களே மிஸ் வெர்னா. யாராவது மட்டையானா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுக்கணும்னு.”

“அவ மட்டையானதே தண்ணியாலதானேடி, அறிவுகெட்டவளே!”

டம்ளரைத் தட்டிவிட்டேன். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கிவிடும். இவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் வகுப்பில் சாராயத்தைத் தவிர வேறு எதையும் யாரும் சொன்னதில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். கென்ட்ரா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“முதல்ல நம்ம சொராரிட்டி தலைமை ஆபீசுக்குத்தான் சொல்லணும். அதுதான் ரூல்.”

“ரூலைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. கையை விடு.”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டெலியாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. வந்தவர்களிடம் கென்ட்ரா முந்திக்கொண்டாள்.

“காலையிலேர்ந்து வெயில்ல நின்னா சார். தண்ணியே குடிக்கல. அதான் மயங்கிட்டா.”

கண் இமைக்காமல் சொன்னாள். ஒருவர் சலைன் பையைத் தூக்கி டெலியாவின் கையில் நரம்பு தேட ஆரம்பித்தார். வயிறு ஊதிக் கிடப்பவளுக்கு இன்னும் தண்ணீரை ஏற்றப் போகிறார்கள்.

“பொய் சொல்றா,” என்றேன். “கேன் கேனா தண்ணி குடிக்க வெச்சிருக்காங்க. அந்தா கிடக்கு பாருங்க கேன்.”

அவர் கேனைப் பார்த்தார், கென்ட்ராவைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னார்.

சாயங்காலம் டெலியாவுக்கு நினைவு திரும்பியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் நான் ஒன்று விடாமல் சொன்னேன். அப்போதுதான் டெலியாவின் அம்மா மார்சி வந்தாள். அவளும் அதே சொராரிட்டி வீட்டில் இருந்தவள், என் செட். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வராண்டாவில் நின்ற கென்ட்ராவை அறையப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டாள். பிறகு என்னை ஓரமாக இழுத்துப்போனாள்.

“டாக்டர்கிட்ட சொன்னது சரி. போலீஸ்கிட்ட எதுக்கு சொன்ன வெர்னா? வீட்டையே மூடிருவாங்க.”

“மார்சி, உன் பொண்ணு செத்திருப்பா.”

“சாகலயே. என்னைப் பார்த்ததும் அவ முதல்ல என்ன கேட்டா தெரியுமா? ‘கேனைக் காலி பண்ணிட்டேனாம்மா’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“காலி பண்ணிட்டடா கண்ணுன்னேன். நிம்மதியா தூங்கிட்டா.”

மார்சியின் முகத்தில் பெருமை. எனக்கு அவள் பக்கத்தில் நிற்கவே அருவருப்பாக இருந்தது.