எட்டுத் திக்கிலும் ஓட்டை

மயிலாப்பூரில் அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வைதேகி குளித்தால், முதல் மாடியில் ஸ்ரீனிவாசராகவனின் பெருமாளும் சேர்ந்து குளித்தார். அவளுடைய குளியலறைக்கு நேர் கீழே அவருடைய பூஜை அறை. ஷாம்பூ நுரை மட்டும் இதுவரை இறங்கியதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். மூன்று வருஷம் பெருமாள் தலைக்கு மேல் பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டுச் சமாளித்த மனிதர், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் முதல் வேலையாக வைதேகியின் தரையை உடைக்க வைத்தார்.

வேலை ரூபீனாவுக்கு வந்தது. அக்கா புருஷன் காஷிஃபிடம் பன்னிரண்டு வருஷம் வாட்டர்ப்ரூஃபிங் பார்த்தவள். எந்தத் தரையானாலும் ஒரே டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் இரண்டு தடவை தடவிவிட்டு, ஆயுள் காலத்துக்கும் கேரண்டி கொடுப்பான் அவன். அது பொறுக்காமல்தான் வெளியே வந்தாள். சொந்தப் பெயரில் இதுதான் முதல் வேலை. இது ஒழுகினால் காஷிஃப் ஈக்காட்டுத்தாங்கல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இதே கட்டடத்தில் இருக்கும் மற்ற பதினொரு குளியலறைகளையும் மறந்துவிட வேண்டியதுதான்.

"பிரஷ்ஷால அடிச்சாப் போறாதா?" என்று வைதேகி கேட்டாள்.

"புதுத் தளமா இருந்தா போதும் மேடம். இது அம்பது வருசத்து தளம், மயிரு மாதிரி வெடிப்பு கீது. தளம் அசைஞ்சா பூச்சும் கூடவே வெடிக்கும். ஷீட்டுன்னா இழுத்துக் குடுக்கும்."

ஒட்டுப் போடாத ஒரே துண்டாகத் தடித்த கறுப்பு ஷீட் வாங்கி வந்தாள். முதலில் தளத்தில் சிமென்ட் பூசி, தண்ணீர் போகும் துளையை நோக்கிச் சரிவு கொடுத்தாள். ஷீட்டை விரித்து, சுவரில் முக்கால் அடி ஏற்றி, மூலைகளில் வெட்டாமல் புடவைக் கொசுவம்போல் மடித்தாள். ஷீட்டின் ஓரத்தில் ஆணி அடிக்க வந்த உதவியாள் நாகராஜின் கையிலிருந்து சுத்தியலையே பிடுங்கிக்கொண்டாள். பிறகு துளையை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கினாள். கீழே ஸ்ரீனிவாசராகவன் ஸ்டூல் மேல் ஏறி, கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் ரூபீனாவுக்கு இரண்டாவது காபி கிடைத்தது.

வைதேகி சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு அடையாறில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு வேலை இல்லை. திங்கட்கிழமை ஷீட்டுக்கு மேல் கலவை போட்டு டைல் ஒட்டினார்கள். ஒரு வாரம் கழித்து வைதேகி திரும்பி வந்து குளித்தாள். பெருமாளும் குளித்தார்.

சொட்டும் கூரையைப் படம் பிடித்து, 'புது வேலை, பழைய ஒழுக்கு' என்று ஸ்ரீனிவாசராகவன் வாட்ஸப் குழுவில் போட்டார். எந்தப் புண்ணியவான் அனுப்பினானோ, பத்து மணிக்குள் காஷிஃபிடமிருந்து ரூபீனாவுக்கு ஒரு சிரிக்கும் பொம்மை வந்து சேர்ந்தது.

அவள் யாரோடும் வாதாடவில்லை. நாகராஜை அழைத்துக்கொண்டு நேராக மாடி ஏறி, டைலை உடைக்க உளியை எடுத்தாள். பின்னாலேயே ஏறி வந்த ஸ்ரீனிவாசராகவன், உளி ஈசானிய மூலைக்குப் போவதைப் பார்த்ததும், "அந்த மூலை வேண்டாமே" என்றார்.

ரூபீனா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த மூலையையே உடைத்தாள். கலவைக்கு அடியில், கறுப்பு ஷீட்டின் மேல், கறுப்பு டேப். அதை உரித்தாள். விரல் நீளத்துக்கு பிளேடால் கிழித்த கிழிசல். அதற்குள் கட்டம் போட்டு எழுத்துப் பொறித்த ஒரு செப்புத் தகடு.

"இது இன்னா சார்?"

"தகடு."

"அது தெரியிது."

"மேல குளிக்கறா. வேற என்னென்னமோ நடக்கறது. கீழ பெருமாள் எழுந்தருளியிருக்கார். நடுவுல ஒரு ரக்ஷை இருக்கட்டுமேன்னுதான் ஞாயித்துக்கிழமை வந்து வெச்சேன். டேப் போட்டு ஒட்டிட்டேனே."

"எத்தினி எடத்துல?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டுத் திக்குக்கும்."

நாகராஜ் சிரிப்பதற்காக வெளியே போனான். ரூபீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஷீட்டு விரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிருந்தா, எட்டையும் அடியில வெச்சு அதும்மேல விரிச்சிருப்பனே சார். கிழிக்கவே வேணாம். ஏன் சொல்லல?"

"உன்கிட்ட எப்படிம்மா இதக் கேக்கறது? நீங்கள்லாம் என்ன நெனச்சுப்பேளோன்னு."

பத்து நாள் அவர் வீட்டுக் காபியைக் குடித்தவளுக்கு இது கிழிசலை விட அதிகமாக வலித்தது. சாமி தலையில் சாக்கடை சொட்டக் கூடாது என்று அவரைவிட அவள்தான் அதிகம் கவலைப்பட்டாள். அது அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை.

ஸ்ரீனிவாசராகவன் குரலைத் தணித்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும். டைல்ல விரிசல்னு போட்டுடறேன். பாக்கி பதினொண்ணும் உனக்கே."

பதினொன்று. ரூபீனா உளியைக் கீழே வைத்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

"டைலு ஒட்னதும் நான்தான சார். கிழிச்சது நீங்கன்னு எழுதுங்க. என் வேல ஒழுவலன்னு எழுதுங்க. அப்பால வர்ற வேல வரட்டும்."

அவர் மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் போனில் தட்டினார். எழுதியது என்னவோ நேர்மையாகத்தான் இருந்தது. தகட்டின் மகிமை பத்து வரி. கடைசியில், 'பிளேடால் கிழித்தது அடியேன். ரூபீனா வேலையில் குற்றமில்லை.'

வைதேகி தன் போனைக் காட்ட, ரூபீனா பக்கத்தில் நின்று பதில்களைப் பார்த்தாள். மன்னிப்பு என்று ஒருவராவது எழுதுவார்கள் என்று நினைத்தாள். முதலில் ஒரு கும்பிடு வந்தது. இரண்டாவதும் கும்பிடு. மூன்றாவது, 'மாமா, தகடு எங்கே கிடைக்கும்?' நான்காவது, 'எங்காத்து பாத்ரூமுக்கும் எட்டு சொல்லிடுங்கோ.' மத்தியானத்துக்குள் ஏழு வீடுகள் தகடு கேட்டுவிட்டன. வேலை செய்தவளைப் பற்றி ஒரு வீடும் வாய் திறக்கவில்லை.

வைதேகிக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் ஏதாவது போடட்டுமா ரூபீனா?"

"போடுங்க மேடம். தகடு அல்லாம் ஷீட்டுக்கு அடியில, அதயும் நான்தான் வெப்பேன்னு போடுங்க." உளியை மறுபடி கையில் எடுத்தாள். "எம்பேரு போட்டு எழுதுங்க."