ஏல மரத்தில் ஏறியவன்

1

தமிழில் முறையாக ஒரு கொலைக்கதை எழுதும் தகுதியுள்ள ஒரே மனிதர், 1983-இல் போடிநாயக்கனூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். பெயர் காசிராஜன். இந்தக் கதையை எழுதுபவரும் அவரே. தன்னைப் படர்க்கையில், 'ஆர்' விகுதி போட்டு எழுதிக்கொள்வது கர்வத்தால் அல்ல; வேறு யாரும் போடாததால்.

கதை பிறந்த விதத்தை மறைப்பதற்கில்லை. சனிக்கிழமைதோறும் ஏலக்காய்க் குடோனில் மூட்டை மேல் உட்கார்ந்து, காய் பொறுக்கும் பெண்களுக்கு அவர் மாத நாவல் வாசிப்பார். அவர்களின் கைகள் முறத்தில், காதுகள் அவரிடம். அவர் வாயைத் திறந்தால் கேட்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே கூட்டம் அது.

அந்த மாதம் ஊரே பேசிய நாவல் போடிமெட்டில் நடந்தது. கொலைகாரன் ஏல மரத்தின் உச்சியில் ஏறி, பழங்களுக்கு நடுவே ஒளிந்தான்.

(ஏலம் மரமே அல்ல, தட்டை தட்டையாக வளரும் செடி. காய்ப்பது தரையோரம், தூரில். அதில் ஏறி ஒளிய, கொலைகாரன் ஓணானாக இருக்க வேண்டும்.)

கடைசிப் பக்கத்தில், அதுவரை எங்கும் தலைகாட்டாத இரட்டைச் சகோதரன் வந்து பழியை வாங்கிக்கொண்டான். காசிராஜன் புத்தகத்தை மூடினார்.

"இதெல்லாம் ஒரு கதையா அத்தே? முடிக்கத் தெரியாதவன்தான் ரெட்டைப் பிள்ளையக் கூப்பிடுவான்."

சுருளியம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மரத்துல ஏறும்போதே தெரியும், எழுதுனவன் மெட்ராஸ்காரன்னு. ஆனாலும் நல்லாத்தான போச்சு? அப்ப நீ ஒண்ணு எழுதிக் கொண்டா மருமகனே. நல்லா இல்லேன்னா இனிமே சின்னமுத்து வாசிக்கட்டும். ஜீப்புக்கு ஆள் கூப்பிடுற தொண்டை. கணீர்னு இருக்கும்."

2

முதல் தொடக்கம்: 'இருண்ட மலைச்சரிவில் ஒரு பயங்கர அலற—'

வேண்டாம். சரிவில் யாராவது அலறினால், அட்டை கடித்ததென்று மற்றவர்கள் தங்கள் காலைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது: 'கங்காணி உக்கிரபாண்டி, காய் உலர்த்தும் அறையில் பிணமாகக் கிடந்தார்.'

பரவாயில்லை.*

* கங்காணியைக் கொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. எஸ்டேட் ஆட்களிடம் கேட்டார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்.

3

சனிக்கிழமை வாசித்தார். கொலைகாரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போடிமெட்டில் ஜீப்பில் ஏறுகிறான். உண்மையை மட்டுமே எழுதுவதென்று காசிராஜன் முடிவு செய்திருந்ததால், முதல் வளைவு திரும்புமுன் பக்கத்துக் கிழவர் கேட்கிறார்: "ஏப்பா, நீ யாரு மகன்?"

ராசிங்காபுரம் பெரியகருப்பன் மகன். அடுத்த வளைவில் கிழவருக்குப் பேரன் முறையாகிவிட்டான். மலை இறங்கி முடிப்பதற்குள் கொலை, காரணம், கத்தியை எறிந்த இடம் எல்லாம் ஜீப்பு முழுக்கத் தெரியும். அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்பதில் மட்டும் இரண்டு கருத்து. முற்றும்.

முறங்கள் அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"அப்புறம்?" என்றாள் பக்கத்து முறத்து மொக்கம்மாள்.

"அவ்வளவுதான். இதுதான் நெசம்."

"இதுக்கு ஒரு நடை ஜீப்புலயே போய்ட்டு வந்துருக்கலாம்," என்றாள் சுருளியம்மாள். "ஏத்தா மொக்கம்மா, சின்னமுத்து ஸ்டாண்டுல நிப்பான். வெரசா கூட்டியா."

மொக்கம்மாள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

4

[வாசகருக்கு: இங்கே இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் காசிராஜன், கலையின் பொருட்டு மூட்டையைத் துறந்து, நிமிர்ந்த நடையோடு வெளியேறுகிறார். பிடித்திருந்தால் அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். மற்றது கீழே]

"இருத்தா. முற்றும் அந்தப் பக்கத்துக்குத்தான்," என்று காசிராஜன் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்தே வாசித்தார்.

"கிழவர் திடுக்கிட்டார். 'பெரியகருப்பன் மகனா? அவன இப்பத்தானடா மெட்டு டீக்கடையில பாத்துட்டு ஏறுனேன்.'"

முறங்கள் நின்றன. மொக்கம்மாள் உட்கார்ந்தாள்.

"ஆத்தாடி," என்றாள் சுருளியம்மாள். "அப்ப ஜீப்புல இருக்கவன் யாரு?"

"அதற்குள் அவன் ஜீப்பிலிருந்து குதித்து," என்று காசிராஜன் குரலைத் தாழ்த்தினார், "பக்கத்தில் நின்ற ஏல மரத்தில் சரசரவென்று ஏறி..."

யாரும் சிரிக்கவில்லை.

அவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். குடோனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.