பதினேழாம் எண் பதிலளிக்கவில்லை

வடத் தெருவில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். எண் சொன்னால்தான் பேசுவார்கள். முப்பத்திரண்டு வீடுகளையும் ஒரே கம்பி இணைத்திருந்தது. கம்பியின் முனையில் அலுவலகம். அலுவலகம் ஓர் எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்கும். அந்த எண்ணுள்ள வீடு மட்டும் பதில் சொல்லும். பதிலில் எத்தனை எழுத்து என்பதையும் கூடவே சொல்லிவிடும். எழுத்துக் கணக்கு பொருந்தினால் பதில் உண்மை, பொருந்தாவிட்டால் பொய். மற்ற ஊர்க்காரர்கள் இதற்காக நீதிமன்றம் எல்லாம் கட்டி வைத்திருப்பது தெருவாசிகளுக்கு வேடிக்கையாக இருந்தது.

கேட்காமல் யாரும் பேசக் கூடாது. வீட்டுக்குள்ளும் அதே விதிதான். வீட்டுக்கு ஒரு வாய். பதினேழாம் எண் வீட்டின் வாய் பொற்கொடி. கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் கணவன் கதிரேசனின் குரலை அவள் தும்மலாக மட்டுமே கேட்டிருந்தாள். நல்ல தும்மல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று காலை ஆறரை மணிக்குக் கதிரேசன் தண்ணீர் இறைக்கும்போது கயிற்றோடு கிணற்றுக்குள் விழுந்தான். கத்தவில்லை. அவனைத்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி மேலே பார்த்தான். பொற்கொடி குனிந்து பார்த்தாள். உள்ளே ஓடி, தன் முறைக்காக உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் முறை வந்தது.

"பதினேழு. வீட்டில் எத்தனை பேர்?" என்றது அலுவலகம்.

"ஒருவர். நான்கு."

நேற்று வரை 'இருவர்' என்று சொல்லி வந்தாள். அதிலும் நான்கு எழுத்துத்தான். அலுவலகத்துக்குத் திருப்தி. இன்னொருவர் எங்கே என்ற கேள்வி பட்டியலில் இல்லை. பட்டியலைப் பெரியவர்கள் யோசித்துத் தயாரித்திருந்தார்கள்.

பத்து மணிக்கு மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தது. லூர்துசாமி என்று ஒருவர், ஒரு பெட்டி, ஒரு மின்விசிறி. அலுவலகம் கொடுத்த சீட்டைப் பொற்கொடியிடம் காட்டினார். அதில் பதினேழு என்று போட்டிருந்தது. அவளும் தன் சீட்டைக் காட்டினாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து. யாருக்கும் பேச முறை இல்லாததால் இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த சுற்று பதினொரு மணிக்கு வந்தது.

"பதினேழு. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி?"

பொற்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிணற்றைப் பற்றியே கேட்கிறார்கள்! கதிரேசனின் கழுத்தை மனதால் அளந்து, "ஐந்து. மூன்று" என்றாள். அதே நொடியில் லூர்துசாமி மாடி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஆறு. இரண்டு" என்றார். இரண்டும் கம்பியில் மோதிக்கொண்டன. அலுவலகத்தின் காதில் விழுந்தது, "ஆந்று. மூரண்டு."

அலுவலகம் மறுபடி கேட்டது. மறுபடியும் ஆந்று. மூன்றாம் முறையும் ஆந்று.

"பதினேழு இல்லை" என்று அறிவித்துவிட்டு அலுவலகம் பதினெட்டுக்குப் போனது.

மாடியிலிருந்து லூர்துசாமி எட்டிப் பார்த்தார். "நானும் இல்லீங்களா?"

"நீங்களும்தான்."

"வந்து ஒரு மணி நேரம்தானே ஆகுது" என்று வருத்தப்பட்டார்.

பொற்கொடி கிணற்றடிக்கு ஓடினாள். இல்லாதவர்களுக்கு விதி கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, குளிருதா?"

கதிரேசன் கையை மட்டும் விரித்துக் காட்டினான். எண் சொல்லாமல் கேட்டால் அவன் என்ன செய்வான்? உதடு நீலம் பாரித்திருந்தது. பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமி, தெருவுக்கே கேட்கும்படி அலுவலகத்தின் குரலை வரவழைத்தாள்.

"பூஜ்ஜியம்."

பூஜ்ஜியம் என்றால் எல்லோருக்கும். கேட்டவர்கள் செய்ய வேண்டும். பதில் சொல்லக் கூடாது.

"எல்லோரும் கயிற்றோடு பதினேழின் கிணற்றடிக்கு வாங்க."

தெருவே கிளம்பி வந்தது. கதிரேசனும் வந்தான். கயிறு அவனிடமே இருந்தது. கிணற்றுச் சுவரில் படிக்கற்கள் இருந்தன. ஏறச் சொல்லி அதுவரை யாரும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான். ஏறி வந்து, சொட்டச் சொட்ட மற்றவர்களோடு வரிசையில் நின்று, எல்லோரையும் போல அவனும் ஆளில்லாத கிணற்றைப் பார்த்தான்.

போகச் சொல்லி உத்தரவு வராததால் யாரும் போகவில்லை. அலுவலகம் ஒவ்வொரு வீட்டையும் மும்மூன்று முறை கூப்பிட்டது. இரண்டு மணிக்குள் முப்பத்திரண்டு வீடுகளையும் முறைப்படி நீக்கி முடித்தது. வேலை சுத்தம்.

எல்லோரும் பொற்கொடியைப் பார்த்தார்கள். கேள்விக்குப் பழகிய முகங்கள்.

"நாலு. நல்லா இருக்கீங்களா?" என்றாள் அவள்.

நாலாம் எண் வீட்டு அம்மாள் விரல்விட்டு எண்ணினாள். இது பட்டியலில் இல்லாத கேள்வி. பிறகு, "இல்லை. மூன்று" என்று சொல்லி அழத் தொடங்கினாள். கணக்கு சரியாக இருந்ததால் அது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பொற்கொடி கணவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கென்று எண் இல்லை. அங்கேயே ஒன்று கொடுத்தாள்.

"முப்பத்து மூணு. குளிருதா?"

"குளிருது" என்றான் கதிரேசன். "நாலு."

தும்மலைவிட மெல்லிய குரல். அவள் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.

நாலு மணிக்கு, கூப்பிட எண் ஒன்றும் மிச்சமில்லாமல், அலுவலகம் நடந்து வந்தது. ஒல்லியான ஒரு மனிதர், தோளில் அலுவலகக் கதவு. கதவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அதன் மறுபக்கம் போய்த் தட்டினார். லூர்துசாமி திறந்தார். ஒல்லி மனிதர் கதவடிக் கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் மழை வந்தது. ஒவ்வொரு துளியாக, காலைத் துடைத்துக்கொண்டு. கடைசித் துளி வரும்வரை லூர்துசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.