நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்குச் சாயப்பட்டறையில் அன்றைய முதல் லாட் துணி இறங்கியது. கொதிநீர் சொட்டச் சொட்ட இயந்திரத்திலிருந்து வெளியே வந்த பனியன் துணியைக் குருசாமி இரு கைகளாலும் இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டார். காய்ந்திருந்தால் ஒரு கையில் தூக்கிவிடலாம். நனைந்த துணி தோள்பட்டையைக் கழற்றியது. ஆவியில் கண் எரிந்தது. கையுறை கிழிந்த இடத்தில் சாயம் புகுந்து நகக்கண்கள் கருநீலமாகியிருந்தன. உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த பதினோரு வருடங்களில் அவர் கையின் சொந்த நிறத்தைப் பார்த்ததே குறைவு.

அன்று அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சைக்கிளில் மாட்டியிருந்த பையில் நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அதுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தல் அது. அதே கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்த விஜயராணி வார்டு உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்பதென்று முடிவாகியிருந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. சித்திரை மாதம் குழாய் பிய்த்துக்கொண்டு கொதிக்கும் சாயத்தண்ணீர் சாயப்பட்டறையில் வேலை பார்த்த ராஜபாண்டியின் காலில் கொட்டியது. தொடை வரை வெந்துபோனது. அப்படி ஒரு ஆளே எங்கள் பதிவேட்டில் இல்லை என்றது கம்பெனி. விஜயராணி நியாயம் கேட்டு வார்டு உறுப்பினரின் வீட்டுக்குப் போனாள். அவர் அவளுடைய தெருப் பெயரைக் கேட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலைப் புரட்டினார்.

"உங்க லைன் ஊட்டுல உங்க ஓட்டத் தவிர வேற ஒரு ஓட்டுக்கூட இல்லீங்களேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அவள் நிற்பதென்று தீர்மானித்தாள். ஷிப்ட் முடிந்ததும் பக்கத்து வீட்டு ஒச்சாயியைக் கூட்டிக்கொண்டு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டினாள். பதினெட்டு நாள் அலைச்சலில் சேர்ந்தவை அந்த விண்ணப்பங்கள். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிகிறவர் குருசாமி மட்டுமே என்பதால் பை அவரிடம் வந்தது.

ஒன்றரை மணிக்கு முதலாளி பொங்கியண்ணன் சாயப்பட்டறைக்குள் வந்தார். ஏற்றுமதிக்கான ஒரு லாட் நிறம் ஏறாமல் நிற்கிறது, அதை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். குருசாமி நின்றார். மூன்றரைக்கெல்லாம் லாட் இறங்கிவிட்டது. கிளம்பியிருக்கலாம். முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க குருசாமி, டீ சாப்புடுங்க. சாய மாஸ்டர் வேல காலியா இருக்குதுங்க. எனக்கு உங்க நெனப்புத்தான். பொழைக்க வந்த எடத்துல எலெக்‌ஷன் எல்லாம் நமக்கு எதுக்குங்க?"

அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே அன்றுதான். மின்விசிறிக் காற்று வியர்வையில் பட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலேகால் ஆனதைப் பார்த்தார். நாலரை ஆனதையும் பார்த்தார். எழவில்லை. வெளியே வந்தபோது ஐந்தேகால்.

விஜயராணி கேட்டதற்குக் கொடுத்துவிட்டேன் என்றார்.

பிரச்சாரத்தில் அவரும் போனார். கத்தரிக்கோல் சின்னத்தைச் சுவரில் வரைந்தார், தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டார். விஜயராணி தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசும்போது மட்டும் அவளுடைய முகத்தைப் பார்க்க மாட்டார். வாக்குப்பதிவு நாளில் லைன் வீட்டுப் பெண்கள் குளித்து, நல்ல சேலை கட்டி வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியாகப் பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். விஜயராணி முப்பத்தேழு வாக்கு வித்தியாசத்தில் தோற்றாள். பழைய உறுப்பினரே ஜெயித்தார். அந்தச் சனிக்கிழமை கம்பெனி அவளை வேலைக்கு வர வேண்டாமென்றது. குருசாமி மாஸ்டர் ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லைன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். அதிகாரிகள்தான் விண்ணப்பங்களை அமுக்கிவிட்டார்கள், நகராட்சி அலுவலகத்தை முற்றுகையிடுவோம் என்று விஜயராணி பேசிக்கொண்டிருந்தாள். குருசாமி தன் அறைக்குப் போய்ப் பையை எடுத்து வந்தார்.

"ஆபீஸ்காரங்க மேல தப்பில்ல தாயி. நான் குடுக்கவே இல்ல."

ஒச்சாயி பைக்குள் கையைவிட்டு, தன் படம் ஒட்டிய தாளைத் தேடி எடுத்தாள்.

"போட்டோ எடுக்கணும்னு கம்மல எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனேன்டா குருசாமி" என்றாள். அவர் அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை.

விஜயராணி ஏனென்று கேட்டாள். முதலாளி மாஸ்டர் வேலை தருவதாகச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன் என்றார் அவர். ராஜபாண்டி வெந்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன், இந்த ஆளை முதலில் வெளியே அனுப்புங்கள் என்றான்.

"அனுப்பலாம்" என்றாள் விஜயராணி. "அனுப்புனா மொதலாளிக்கு ஒரு ஆள் கூடும். நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்கண்ணே. ஆனா நூத்திப்பன்னெண்டு பேரு காரியத்த ஒரே ஆள் கையில குடுத்தது என் தப்பு."

முற்றுகைப் பேச்சு அதோடு போயிற்று. அவளைத் திரும்ப எடுக்கும்வரை, ராஜபாண்டிக்கு வைத்தியம் பார்க்கும்வரை யாரும் வேலைக்குள் போவதில்லை என்று முடிவானது.

திங்கள் விடிந்தபோது கம்பெனி வாசலில் அறுபது பேர் நின்றார்கள். குருசாமியும் நின்றார். பொங்கியண்ணன் காரிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வந்தார்.

"ஏனுங்க, மாஸ்டரே வெளிய நின்னா லாட்டு என்னாகறதுங்க?"

"கெட்டுப்போகும் மொதலாளி."

"தோத்துப்போன பொம்பள பின்னாடி நிக்கறீங்களே."

"தோக்கடிச்சது நாந்தான். அதான் நிக்கிறேன்."

முதலாளியின் முகம் மாறவில்லை. பத்து மணிக்குள் உள்ளே வராவிட்டால் துணி பின்னும் தன் நிட்டிங் யூனிட்டிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் நகரவில்லை.

நிட்டிங் யூனிட் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பத்து மணிக்குமுன் அங்கே விஷயத்தைச் சொல்லி, யாரும் இங்கே வேலைக்கு வர வேண்டாமென்று கேட்டாக வேண்டும். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் உசிலம்பட்டிக்காரர்கள். அவர்களுக்குக் குருசாமியைத் தெரியும். விஜயராணி ஒரு கணம் யோசித்தாள்.

"அண்ணே, நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. ஒச்சாயி அக்கா, நீங்களும் கூடப் போங்க."

இரண்டு பேர் எதற்கென்று குருசாமிக்குப் புரிந்தது. வலித்தது. அதுதான் சரியென்றும் பட்டது.

ஒச்சாயி வேகமாக முன்னால் நடந்தாள். சாக்கடையின் சாயநீரைத் தாண்டும் இடத்தில் நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். நிட்டிங் யூனிட்டின் இரும்புக் கதவைக் குருசாமி தட்டினார். இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஒச்சாயியும் தட்டினாள். உள்ளே ஓர் இயந்திரம் நின்றது. யாரோ தாழ்ப்பாளை நகர்த்தும் சத்தம் கேட்டது.