ராமசாமியின் ஷெட்டில் ஓர் ஓட்டை

சங்கராபுரத்துக்கு மேற்கே ராமசாமி கட்டிய தகர ஷெட்டில் எலி நுழையாது, மழை நுழையாது, திருடன் நுழையமாட்டான். நெட்டும் நுழையாது என்பது அவர் மகள் தனுஷாவுக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது.

சென்னைக் கம்பெனி வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். வீடென்றால் ஒரே கூடம், அதில் அம்மா ஆண்டாளின் சீரியல். முதல் மீட்டிங்கிலேயே மேனேஜர் ரம்யா, "பின்னாடி யாரு அழறாங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். மறுநாளே தனுஷா லேப்டாப்போடு ஷெட்டுக்குப் போய் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே குடியேறினாள். வைஃபை பெட்டி வீட்டில் இருந்தது. ஷெட் வாசலில் நின்றால் நெட் வந்தது. உள்ளே கால் வைத்தால் போய்விட்டது.

அண்ணன் சுபாஷ் செல்போன் கடை வைத்திருப்பவன். ஆகவே விஞ்ஞானி. பூஸ்டர் ஒன்றை வாங்கிவந்து ஷெட்டின் நட்டநடுவில் மாட்டினான். விளக்குகளெல்லாம் அழகாக எரிந்தன. இல்லாத நெட்டை அது மூலைமுடுக்கெல்லாம் பரப்பியது.

"எதிர்வூட்டுக்காரி கண்ணுதான்" என்று ஆண்டாள் பூஸ்டருக்குக் கற்பூரம் சுற்றிப் பூசணிக்காயும் உடைத்தாள். பூஸ்டருக்குப் பொட்டு கிடைத்தது. நெட் கிடைக்கவில்லை.

"தகரம் அலைய வுடாதுப்பா. ஒரு ஓட்ட போட்டு ஒயர உள்ள இழுத்தா போதும்" என்றாள் தனுஷா.

ராமசாமிக்கு ரத்தம் கொதித்தது. "புதுத் தகரத்துல ஓட்டயா? மனுசன், மாடு எல்லாம் வாசல் வழியா வருது. உன் நெட்டு மட்டும் இன்னா மகாராஜாவா, செவுத்த ஓட்ட போட்டுக்கினு வர்றதுக்கு?"

அந்த நியாயத்தின்படி, ஒயர் வாசல் வழியாகவே வந்தது, ஷட்டருக்கு அடியில். நெட்டும் வந்தது. சாயங்காலம் மேகம் கறுத்ததும் ராமசாமி பொறுப்பாக ஷட்டரை இழுத்து மூடினார். ஒயர் இரண்டாயிற்று.

"மட்டமான ஒயரு" என்று தீர்ப்பும் அவரே சொன்னார்.

இனியும் லைன் அறுந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ரம்யா வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அன்றிரவே தனுஷா சுபாஷ் கடையிலிருந்து புது ஒயரும் இன்னொரு வைஃபை பெட்டியும் எடுத்துவந்தாள்.

காலையில் ராமசாமி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். சுபாஷ் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த டிரில்லிங் மெஷினை அவள் எடுத்தாள். முதல் தடவை வழுக்கித் தகரத்தில் கோடு விழுந்தது. மறுபடி அழுத்தினாள், துளைத்துக்கொண்டு போனது. தகரம் ஒயரை அறுக்காமலிருக்க ஓட்டையின் விளிம்பில் சைக்கிள் டியூப் துண்டை வைத்தாள். புது ஒயரை உள்ளே இழுத்து அந்த வைஃபை பெட்டியில் சொருகினாள்.

மீட்டிங்கில் அவள் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஒருவரும் "கேக்கல" என்று சொல்லவில்லை. அப்போதுதான் ராமசாமி திரும்பி வந்தார்.

"எவன்டா என் ஷெட்ட துளைச்சது? நீயாடி? சொந்த வூட்டுலயே கன்னம் வெக்கிற பொண்ண இப்பதான்டி பாக்கறேன்!"

கத்திக்கொண்டே உள்ளே வந்தவர், லேப்டாப்பில் வரிசையாக முகங்கள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். தோள் துண்டைச் சரிசெய்து கும்பிட்டார்.

"வணக்கமுங்க. சாப்டீங்களா?"

"வணக்கம் சார்" என்றார் ரம்யா. "நீங்க திட்டினதுல ஒரு வார்த்தைகூட கட் ஆகல. தனுஷா, நெட் சரியாயிடுச்சு. நீ கன்டினியூ பண்ணு."

மீட்டிங் முடியும்வரை ராமசாமி வெளியே வெயிலில் நின்றார்.

"இன்னா சொன்னாங்க?"

"வேல இருக்குதுப்பா."

அவர் ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு எம்-சீலை உருட்டி, ஒயரைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். தனுஷா பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பக்கத்துக் காட்டுச் செழியன் தகர ஷெட் போட ஆரம்பித்தார். ராமசாமி கூப்பிடாமலே போய் நின்றார்.

"தகரம் அலைய வுடாதுப்பா. மொதல்ல ஓட்டய போடு, அப்பறம் கூரைய போடு."