குடிக்காதவருக்கு ஏறிய போதை

பீர் முகமது ஒரு சொட்டு சாராயம் தொட்டவரில்லை. ஆயக்குடியிலிருந்து வேனில் கொய்யா ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் திரும்பியவரைச் செம்பட்டியில் மறித்து ஊதச் சொன்னபோது, கருவி மட்டும் வேறு மாதிரிச் சொன்னது.

"என்ன பாய், நீங்களுமா?" என்று போலீஸ்காரர் சிரித்தார். லைசென்ஸ் போனது. வழக்கு வந்தது.

குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் மாத்திரை தின்ற பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். வயிறாரச் சோறு தின்றால் போதும், கொஞ்ச நேரத்தில் கண் சொருகும், நாக்கு குழறும், வாய் நாறும். அவர் மனைவி அஜீஸுன்னிசா வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினாள். ஒரு பாட்டில் கூடச் சிக்கவில்லை. ஒருநாள் வெளிக்கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். சோறும் வெஞ்சனமும் தவிர அவர் வாய்க்குள் எதுவும் போகவில்லை. அப்படியும் சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

இதை அவள் உள்ளூர் டாக்டரிடம் சொன்னபோது அவர் நாடியைக் கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "எந்தக் குடிகாரன்மா ஒத்துக்கிட்டிருக்கான்?" என்றார்.

பீர் முகமதுவின் அண்ணன் ஹாமித் தோல் வியாபாரி, ஜமாத்தில் மதிப்புள்ளவர். அஜீஸுன்னிசா தாய்வீடு போயிருந்த நேரம் பார்த்து, தம்பியைக் காரில் ஏற்றிப் போய் கொடைரோடு பக்கம் ஒரு குடிமறப்பு இல்லத்தில் விட்டுவிட்டார். அங்கேயும் சோறுதான் போட்டார்கள். அங்கேயும் வாடை அடித்தது. எப்படி உள்ளே கடத்துகிறாய் என்று கேட்டு ரப்பர் குழாயால் அடித்தார்கள்.

பார்க்கப் போன அஜீஸுன்னிசா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகெல்லாம் வரிவரியாகத் தடித்திருந்தது.

"குடிக்கலன்னு சொன்னேன் அஜீஸு. சொல்லச் சொல்ல அடிச்சாங்க."

அவள் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டு, அவரை அந்தக் கோலத்திலேயே மதுரை பஸ்ஸில் ஏற்றினாள்.

மதுரையில் வயிற்று நோய் மருத்துவர் தமிழ்நிலா ஒருத்திதான், "என்ன சாப்பிட்டா இப்படி ஆகுது?" என்று கேட்டாள். வார்டில் சேர்த்து, கண்காணிப்பிலேயே வைத்தாள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இல்லை. குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். ஆல்கஹால் ஏறிக்கொண்டே போனது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் தின்ன மாத்திரை நல்ல கிருமியையும் கொன்னதுல, இவர் குடல்ல ஈஸ்ட் பெருகிக் கெடக்குக்கா. மாவு புளிக்கிற மாதிரி, சாப்பிடுற சோறு உள்ளயே புளிச்சு ஆல்கஹாலா மாறுது. ரொம்ப அபூர்வமான நோய்."

பீர் முகமது விம்மி அழுதார். அஜீஸுன்னிசா அழவில்லை. அவளுக்கு ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது, சிரித்த போலீஸ்காரர் முதல்.

மருந்தும் சோறில்லாத பத்தியமுமாகச் சில மாதங்களில் அவர் தேறினார். மருத்துவ இதழில் இதை எழுத அனுமதி கேட்டு, எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்காட்டினாள் தமிழ்நிலா.

"நடுத்தர வயது ஆண். மது அருந்துவதை நோயாளி மறுத்தார்..."

"நிப்பாட்டுங்க டாக்டரம்மா. மறுத்தார்னா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்க்கா எழுதுவோம். வழக்கமா வர்ற வார்த்தை."

"களவாண்டவன்தான் மறுப்பான். இவரு குடிக்கல. குடிக்கலன்னு எழுதுங்க. சொன்னதை ஒருத்தரும் நம்பலன்னு எழுதுங்க. அடிச்சாங்கன்னு எழுதுங்க."

"அடிச்சதெல்லாம் இதுல வராதுக்கா. இது நோயைப் பத்தின..."

"அவரு முதுகுல கெடக்குற தடிப்பு ஈஸ்ட்டு போட்டதா? மனுசங்க போட்டது. அதை விட்டுட்டு வேற எந்த நோயை எழுதப் போறீங்க?"

"விடு அஜீஸு, காப்பாத்துனவங்க அவங்க..." என்றார் பீர் முகமது.

"நீங்க சும்மா இருங்க!"

தமிழ்நிலா கணினியைத் தன் பக்கம் திருப்பித் தட்டினாள். அடித்து, திருத்தி, மறுபடி வாசித்தாள்: "தான் குடிப்பதில்லை என்று நோயாளி தொடர்ந்து சொன்னார். மருத்துவர் உட்பட யாரும் நம்பவில்லை. நோய் தெரியாமல் போனதால் மறுவாழ்வு இல்லத்தில் அவர் தாக்கப்பட்டார்."

அதன் பிறகே அஜீஸுன்னிசா அவரைக் கையெழுத்துப் போட விட்டாள்.

விஷயம் ஊரில் பரவியதும் ஹாமித் பழக்கூடையோடு வந்து வாசலில் நின்றார்.

"எல்லாம் அல்லாவோட நாட்டம்மா. நாம என்ன செய்ய முடியும்?"

"கார்ல ஏத்திக் கொண்டு போனது அல்லா இல்ல மச்சான், நீங்க."

அவர் தலைகுனிந்தார். "தப்புதாம்மா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அடி வாங்குனவரு உள்ள இருக்காரு."

அதற்குள் உள்ளேயிருந்து பீர் முகமதுவின் குரல், ஒன்றுமே நடக்காதது போல வந்தது: "வாங்கண்ணே, உக்காருங்க. அஜீஸு, அண்ணனுக்கு டீ போடு."

அஜீஸுன்னிசாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஹாமித்துக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். ஆனால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பழக்கூடையும் அவர் திரும்பிப் போகும்வரை வாசலிலேயே கிடந்தது.