குதிரைக்கு என்ன நிறம்

தோற்பதென்று முடிவு செய்துதான் நேற்று மாமனாரோடு டேப்லெட்டில் செஸ் ஆடினேன். போன வாரம் என்னிடம் தோற்ற மனிதர் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார். "அப்பாவுக்கு பிபி இருக்கு. விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி ஒரு வாரமாக ஒரே பிடி. அதனால் என் குதிரையை வேண்டுமென்றே அவருடைய சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வெட்டியதும், "தோத்துட்டேன் மாமா" என்று எழுந்துவிட்டேன். நேற்று நன்றாகச் சாப்பிட்டார்.

இன்று காலை டேப்லெட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நேத்து ஆட்டத்தை இதுவே அலசிச் சொல்லுதாம். நல்ல மூவ்னா பச்சை, தப்புன்னா சிவப்பு. வாங்க, பார்ப்போம்."

குதிரை சிவப்பில் எரிந்தால் குட்டு உடைந்துவிடும். சமையலறை வாசலில் நின்ற மனைவி, சமாளிங்க என்று கண்ணைக் காட்டினாள். எதைச் சமாளிக்க? பெயின்ட் அடிப்பது நானா?

முதலில் என் ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்கள், வந்தது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்துப் பழகியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ராணியை வெளியே கொண்டுவந்தது சிவப்பு. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டது சிவப்பு. ஓரத்துச் சிப்பாயும் சிவப்பு. அடுத்தது குதிரை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பச்சை.

மாமனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் தோளைத் தட்டினார். "மொத்த ஆட்டத்துல இது ஒண்ணுதான் நீங்க யோசிச்சு ஆடியிருக்கீங்க, மாப்பிள்ளை."

மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.